24ஆம் தேதிக்குள் எல்லாம் சரியாகிவிடும்

கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்வதால் எதுவும் கெட்டுப்போகாது. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ பெரிய வேலையில் இருக்கும் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவள். ஒரு கையில் செல்போன், மறு கையில் காபிக் கோப்பை. டிசம்பர் முதல் வாரத்தில் ஏதோ காரணத்தால் சொந்த ஊருக்குப் போகவேண்டி வருகிறது. அங்கே அப்பாவின் பழைய விடுதி, அல்லது அத்தையின் பேக்கரி, அல்லது குடும்பத்தின் கிறிஸ்துமஸ் மரத் தோட்டம் கடனில் மூழ்கி விலைக்கு வந்திருக்கிறது. கட்டம்போட்ட சட்டையில் ஒருவன் வருகிறான். தச்சு வேலை தெரிந்தவன். பெரும்பாலும் மனைவியை இழந்தவன். வயதுக்கு மீறிப் பேசும் ஒரு மகள் உண்டு. முதலில் இருவருக்கும் ஆவதில்லை. பிறகு சேர்ந்து இஞ்சி பிஸ்கட்டில் குட்டி வீடு கட்டுகிறார்கள். நடுவில் ஒரு தப்பர்த்தம். 24ஆம் தேதி இரவு கடன் தீர்கிறது, சொத்து தப்பிக்கிறது, பனி பெய்கிறது, படத்தின் ஒரே முத்தம் நிகழ்கிறது. சுபம்.

இப்படிப்பட்ட நான்கு படங்களுக்குத் தமிழில் சப்-டைட்டில் எழுதும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் எனக்கு வந்தது. நிமிடக் கணக்கில் கூலி. தமிழில் முதுகலை படித்துவிட்டு இதுவா என்ற இளக்காரத்தோடுதான் உட்கார்ந்தேன். அதே நவம்பரில் எங்கள் குடும்பத்திலும் ஒரு வீடு விலைபேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். நான்காவது படம் முடிந்தபோது இளக்காரம் கொஞ்சம் கரைந்திருந்தது. ஐந்தாவது படத்தை யாரும் கூலி கொடுக்காமலே பார்த்தேன். ஏன் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

இந்தப் படங்களின் தாய்வீடு, வாழ்த்து அட்டை விற்கும் ஒரு நிறுவனம். ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் 1910இல் இரண்டு செருப்புப் பெட்டிகள் நிறைய அஞ்சலட்டைகளோடு கான்சாஸ் சிட்டியில் வந்து இறங்கினார். அதுதான் ஹால்மார்க் ஆயிற்று. பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். படமும் காளை மாடும் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பிய தலைமுறைக்கு அட்டையின் சூட்சுமம் தெரியும். நமக்குச் சொல்ல வராததை யாரோ முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம். 1951 டிசம்பர் 24 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் மெனோட்டியின் 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்' என்ற இசை நாடகத்தை வழங்கியது இந்த நிறுவனம்தான். தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஆபரா அது. 2001இல் தன் பெயரிலேயே ஒரு சேனல் தொடங்கியது. 2009இல் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் தொடர் ஒளிபரப்பை ஆரம்பித்தபோது, இசை நாடகம் இருந்த இடத்தில் கட்டம்போட்ட சட்டை வந்து உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். 2019இல் மட்டும் ஹால்மார்க்கின் இரண்டு சேனல்களிலும் சேர்த்து 40 புதுப் படங்கள். லைஃப்டைம் போன்ற போட்டிச் சேனல்களும், 2017இல் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' படத்தோடு நெட்ஃபிளிக்ஸும் இந்தச் சந்தைக்குள் வந்தன. லேசி ஷபேர் போன்ற ஒரு நடிகை 30க்கும் மேற்பட்ட ஹால்மார்க் படங்களில் நடித்திருக்கிறார் என்றால் உற்பத்தி வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

உற்பத்தி என்ற சொல்லைத் தெரிந்துதான் பயன்படுத்துகிறேன். ஒரு படத்தைச் சுமார் 15 நாளில் எடுத்து முடித்துவிடுகிறார்கள். விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்ப கதையை ஒன்பது துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சின்னக் கொக்கி. பெரும்பாலான படப்பிடிப்பு நடப்பது அமெரிக்காவில்கூட இல்லை, கனடாவில். அங்கே டாலர் மலிவு, வரிச் சலுகையும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிற்றூர்கள், ஒட்டாவா பக்கத்து அல்மான்ட் போன்ற இடங்கள்தான் திரையில் வெர்மான்ட்டாகவும் கனெக்டிகட்டாகவும் வேஷம் கட்டுகின்றன. பல படங்களைக் கோடைகாலத்தில் எடுக்கிறார்கள். ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர். தரையில் நுரை, பஞ்சு விரிப்பு, நொறுக்கிய ஐஸ். காதலர்களின் முகத்தில் இருப்பது நாணமா வியர்வையா என்று ஒப்பனைக்காரருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு பொய்யையும் தெரிந்துகொண்டேதான் பார்க்கிறார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கேபிள் சேனல்களில் பெண்கள் அதிகம் பார்க்கும் சேனல் என்ற இடத்தை ஹால்மார்க் பலமுறை பிடித்திருக்கிறது. 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' வெளியான சில வாரங்களில், அதை 18 நாட்களாகத் தினமும் பார்த்துவரும் 53 பேரைக் குறிப்பிட்டு, "யார் உங்களை இப்படிக் காயப்படுத்தியது?" என்று நெட்ஃபிளிக்ஸ் ட்விட்டரில் கிண்டலடித்தது. வாடிக்கையாளரை வேவு பார்ப்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. கிண்டலாகக் கேட்டாலும் சரியான கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமெரிக்கா வீட்டுக்குள் முடங்கியபோது ஹால்மார்க் என்ன செய்தது தெரியுமா? வசந்தகாலத்தின் நடுவில், ஒரு வாரக் கடைசி முழுக்க கிறிஸ்துமஸ் படங்களாக ஓட்டியது. காயத்துக்கு எந்தக் களிம்பு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஓஹையோவில் செவிலியாக இருக்கும் என் சித்தி மகள் இந்தப் படங்களின் தீவிர ரசிகை. இரவுப் பணி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து, சாதம் குக்கரில் இருக்க, ஒரு படம் போட்டுவிடுவாள். பாதியில் தூங்கியும் போவாள். "முடிவு தெரிஞ்ச படத்துல அப்படி என்னடி இருக்கு?" என்று போனில் கேட்டேன்.

"அக்கா, ராத்திரி முழுக்க அடுத்த நிமிஷம் என்ன ஆகும்னு தெரியாம வார்டுல நிக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்க்கிறதுலயாவது தெரிஞ்சிருக்கட்டுமே" என்றாள்.

இதற்கு மேல் விமர்சனம் எழுதுவது கஷ்டம். முடிவு தெரிந்திருப்பது இந்தப் படங்களின் குறை என்று நாம் நினைக்கிறோம். பார்ப்பவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு அகத்திணை நடத்திய பேராசிரியர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். முல்லை என்றால் காடு, கார்காலம், மாலை நேரம். தலைவன் வினைமேல் போயிருப்பான். மழைக்கு முன் திரும்புவதாகச் சொல்லியிருப்பான். தலைவி காத்திருப்பாள். யாருக்கும் பெயர் கிடையாது. பருவம், பூ, பறவை எல்லாம் முன்பே தீர்மானமானவை. இத்தனை கட்டுக்குள் நின்றுதான் நம் கவிகள் பாடினார்கள். "எல்லாம் ஒரே கதையாக இருக்கிறதே" என்று எந்தத் தேர்விலும் எந்த மாணவனும் எழுதியதில்லை. எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. குறுந்தொகையையும் ஹால்மார்க்கையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று தமிழன்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வித்தியாசம் பெரியது. முல்லைப் பாட்டுகளில் மழை வந்துவிடும், அவன் வந்திருக்க மாட்டான். அந்த இடைவெளியில்தான் கவிதை இருக்கிறது. ஹால்மார்க்கில் இடைவெளி என்பதே கிடையாது. 24ஆம் தேதி என்றால் 24ஆம் தேதி.

ஆனால் அந்தப் பாட்டுகளுக்குள்ளேயே இந்தப் படங்களுக்கும் ஒரு மூதாதை இருக்கிறாள். தோழி. குறுந்தொகையில் ஒரு காட்சி. கொன்றை பூத்துவிட்டது, கார்காலம் வந்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது கார்காலமே இல்லை, ஏதோ அகால மழையைப் பார்த்து இந்த மடக் கொன்றைகள் ஏமாந்து பூத்துவிட்டன. அப்பட்டமான பொய். சொல்பவளுக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு மாலைப்பொழுதைக் கடக்க அது போதும். இரவுப் பணி முடிந்து வரும் என் தங்கைக்கு டெலிவிஷன் சொல்வதும் தோழியின் பொய்தான். அதைப் பொய் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

எந்த விஷயத்தில் பொய் என்பதுதான் கேள்வி. காதலில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது எனக்கு வேறு மாதிரித் தோன்றியது.

சப்-டைட்டிலில் இடம் குறைவு. இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து தாண்டினால் பார்வையாளர் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். முதல் தடை 'மிசில்டோ'. அதன் அடியில் நிற்கும் இருவர் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அகராதியைப் பார்த்தால் புல்லுருவி என்றிருக்கிறது! உழைக்காமல் பிறரை உறிஞ்சி வாழ்பவனைத் திட்டும் சொல்லுக்குக் கீழே நின்று எந்தத் தமிழ்க் காதலர்கள் முத்தமிடுவார்கள்? மிசில்டோவை மிசில்டோவாகவே விட்டுவிட்டேன்.

உண்மையான தடை 'ஹோம்' என்ற சொல். நான்கு படங்களிலும் அதிகம் வந்த சொல் காதல் அல்ல, இதுதான். வீடு என்று போட்டால் கட்டடமாகிவிடுகிறது. இல்லம் என்றால் கல்யாணப் பத்திரிகை. இரண்டு நாள் யோசித்து, பல இடங்களில் 'ஊர்' என்று எழுதினேன். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் நிற்கும்போது "ஊருக்கு வந்துட்டேன்" என்று போட்டதும் காட்சி சட்டென்று உட்கார்ந்தது. அப்போதுதான் புரிந்தது. இவை காதல் படங்களே அல்ல. ஊர் திரும்பும் படங்கள். கட்டம்போட்ட சட்டைக்காரன், ஊர் மனித உருவில் வந்து நிற்பதுதான். அதனால்தான் அவனுக்குத் தனியாக ஒரு குணமும் கிடையாது. விட்டுவிட்டுப் போன ஊர் அப்படியே இருக்கும், நம்மை மன்னிக்கும், விற்கப்படாமல் காத்திருக்கும் என்பதுதான் தோழி சொல்லும் பொய்.

இந்த ஏக்கம் ஹால்மார்க் கண்டுபிடித்ததல்ல. பனி மூடிய கிறிஸ்துமஸுக்கு ஏங்கும் மிகப் புகழ்பெற்ற பாட்டான 'ஒயிட் கிறிஸ்துமஸ்', 1942இல் 'ஹாலிடே இன்' படத்தில் பிங் கிராஸ்பி பாடி வெளியானது. எழுதியவர் இர்விங் பெர்லின், ரஷ்யப் பேரரசில் பிறந்து குழந்தையாக நியூயார்க் வந்த யூதர். பெரும்பாலான பாடகர்கள் விட்டுவிடும் அதன் முன்பகுதியில், பாடுபவர் ஆரஞ்சு மரமும் பனை மரமும் நிற்கும் லாஸ் ஏஞ்சலிஸ் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போன அமெரிக்கச் சிப்பாய்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தன் பண்டிகை அல்லாத ஒரு பண்டிகைக்கு, தன் ஊர் அல்லாத ஓர் ஊருக்கு அவர் எழுதிய ஏக்கம், ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் பொருந்திப்போயிற்று. டெல்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்துகொண்டு பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பொய் எதையெல்லாம் மறைக்கிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். படத்தில் ஊரை விழுங்க நகரத்துப் பெருநிறுவனம் ஒன்று பத்திரத்தோடு வரும். நிஜத்தில் பல அமெரிக்கச் சிற்றூர்களின் துயரம், வாங்க யாரும் வராததுதான். ஆலை மூடிவிட்டது, கடைத்தெருவை நெடுஞ்சாலையோரப் பெருங்கடை தின்றுவிட்டது, மிச்சத்தை இணையம் தின்கிறது. பேக்கரி வைத்திருக்கும் அத்தைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று எந்தப் படமும் கேட்பதில்லை. பதவி உயர்வை உதறிவிட்டு ஊரோடு தங்குவது ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்றும் கேட்பதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, அந்த ஊரில் யார் யாருக்கு இடம் என்பது. நீண்ட காலம் அந்தத் திரை ஊர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பினப் பெண் வந்தால் கதாநாயகிக்குத் தோழியாக வருவாள். 2019 டிசம்பரில் ஒரு திருமண இணையதள விளம்பரத்தில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி வந்தது. ஒரு பழமைவாதக் குழு ஆட்சேபித்ததும் ஹால்மார்க் அதை நிறுத்தியது. நாடெங்கும் கண்டனம் எழ, சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சேனலின் தலைவர் பில் அபட் அடுத்த மாதமே விலகினார். 2020இல் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் ஓர் ஆண் தம்பதி கதைக்குள் வந்தார்கள். 2022இல் 'தி ஹாலிடே சிட்டர்' படத்தில் அப்படி ஒரு ஜோடியே நாயகர்கள் ஆனார்கள். அதே ஆண்டு, ஹால்மார்க்கின் நட்சத்திரமாக இருந்த கேன்டஸ் கேமரூன் பூரே, அபட் நடத்தும் 'கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி' சேனலுக்கு மாறினார். அங்கே மரபான திருமணமே மையத்தில் இருக்கும் என்று சொல்லிப் புயல் கிளப்பினார். நுரைப் பனியும் பஞ்சு விரிப்புமான ஓர் ஊருக்கு இத்தனை அடிதடியா என்று கேட்கத் தோன்றும். அது பொய் ஊர்தான். ஆனால் அந்தப் பொய்யில்கூடத் தங்களுக்கு இடமில்லை என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

இந்த இடத்தில் என் மொழிபெயர்ப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. 'ஊர்' என்று பெருமையாக எழுதினேனே, தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஊர். காலனி என்றால் காலனி. ஊர்க்கூட்டம், ஊர்க்குளம், ஊர்த்திருவிழா எதற்குள்ளும் காலனி வராது. ஒரு கிராமத்தின் பாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சொல் இவ்வளவு இனிக்கிறது.

அப்பா காலமான பிறகு கும்பகோணம் பக்கத்து எங்கள் வீடு நான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அண்ணன் புனேயில், நான் டெல்லியில். ஓட்டைப் பிரித்துப் போட ஆளில்லை. மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கதாநாயகி விடுதியின் விற்பனைப் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறாள், ஊரே கைதட்டுகிறது. அந்த நேரத்தில்தான் அண்ணன் பதிவு அலுவலக வாசலிலிருந்து போன் செய்தான். முடிந்துவிட்டதாம். எங்கள் வீட்டைக் காப்பாற்ற யாரும் மணியடித்து நிதி திரட்டவில்லை. நாங்களும் காப்பாற்றச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்து, கைதட்டலுக்கு வசனம் உண்டா என்று பார்த்து, இல்லை என்றதும் கோப்பை அனுப்பிவைத்தேன்.

வாங்கியவர் காலனியில் பிறந்தவர். வளைகுடாவில் பதினைந்து ஆண்டு மின் வேலை பார்த்துச் சேர்த்த பணம். அவருடைய அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் அவர் வந்த எல்லை, கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கு இந்தப் பக்கம். யாரும் சட்டம் போட்டதாக நினைவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தத் தெரு வழியாக நடந்தேன். புது ஓடு, நீல வண்ணம். திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். "உள்ள வாம்மா" என்றார். கூடத்தில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். அப்பாவின் படம் மாட்டியிருந்த சுவரில் அவர்களுடைய குடும்பப் படம். பேரன் படிப்பதைப் பற்றிச் சொன்னார், முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. அவர் அந்தக் கூடத்தில் நடமாடுவதைப் பார்க்க நிறைவாக இருந்ததா என்றால், அதுவும் இருந்தது. இரண்டையும் ஒரே காட்சியில் வைக்க ஹால்மார்க்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் வெளியூரில் சம்பாதித்து, பிறந்த ஊருக்குத் திரும்பி, வீட்டை மீட்ட கதை ஒன்று அங்கே நடந்துதான் இருந்தது. அது என்னுடைய கதையாக இல்லை, அவ்வளவுதான்.

இந்த டிசம்பரிலும் என் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே ஒரு படம் பார்ப்பேன். 24ஆம் தேதிக்குள் எல்லாம் சரியாகிவிடும். தோழி பொய் சொல்வாள்; கேட்டுக்கொள்வேன்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து, "எப்பம்மா ஊருக்குப் போறே?" என்று கேட்டார். டெல்லியைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு விநாடி ஆயிற்று.